தினம் ஒரு மாத்திரை!

ரத்தப் புற்றுநோயைக் கட்டிப்போட்ட மருந்து
லட்ச ரூபாய் விலை இறங்கிய கதை

குன்னத்தூரில் பொழுது விடிந்ததும் பனியன் கம்பெனி வேன்களின் ஹாரன் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். கையில் தூக்குப்போசியுடன் ஆணும் பெண்ணும் ரோட்டு ஓரத்தில் காத்து நிற்பார்கள். வேன் வரும். ஏறுவார்கள். ஊத்துக்குளி வழியாகத் திருப்பூருக்குப் போவார்கள். இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவரை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். வயது 38. ஓவர்லாக் மெஷினில் உட்காரும் டெய்லர். பீஸ் ரேட் வேலை. எத்தனை பீஸ் தைக்கிறாரோ, அத்தனைக்குத்தான் காசு. சனிக்கிழமை சம்பளம். மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு குழந்தைகள்.

இவர் கற்பனை மனிதர். ஆனால் இவருக்கு வரப்போகிற வியாதி கற்பனை அல்ல.

சில மாதங்களாக இவருக்கு அலுப்பு. ஒன்றரை ஷிப்டு பார்த்தவருக்கு ஒரு ஷிப்டே மலையாக இருக்கிறது. இரண்டு இட்லி சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது. இடது விலாவுக்குக் கீழே ஏதோ கல்லை வைத்தது போல ஒரு பாரம். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. உடம்பு இளைத்துவிட்டது.

"ஏனுங்க, ஒருக்கா டாக்டரைப் பார்த்துட்டு வந்துருங்க" என்கிறார் மனைவி.

"வெயில் சூடு அம்மிணி. தானாப் போயிரும்" என்கிறார் இவர்.

தானாகப் போகவில்லை. கடைசியில் ஒருநாள் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். நல்ல உடம்பில் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் 4 ஆயிரம் முதல் 11 ஆயிரம் வரை இருக்கும். இவருக்கோ ஒரு லட்சத்து 80 ஆயிரம்!

வயிற்றில் இருந்த பாரம் மண்ணீரல் வீங்கியதால் வந்தது. மேற்கொண்டு சோதனைகள் செய்தார்கள். "இது ஒருவகை ரத்தப் புற்றுநோய்" என்று டாக்டர் சொன்னார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் மனைவி அழுதுவிட்டார். ஆனால் டாக்டர் சிரித்த முகத்துடன் ஒரு சீட்டு எழுதினார். அதில் ஆபரேஷன் இல்லை. கதிர்வீச்சு இல்லை. முடி கொட்டும் ஊசி இல்லை.

தினம் ஒரு மாத்திரை. அவ்வளவுதான்!

இது எப்படி முடிந்தது? அந்த மாத்திரை எப்படி வந்தது? லட்ச ரூபாய்க்கு விற்ற மாத்திரை சாமானியன் கைக்கு எப்படி எட்டியது? அதற்காகச் சென்னையிலும் டெல்லியிலும் நடந்த வழக்கு என்ன? எல்லாவற்றையும் விட முக்கியமாக, இந்த டெய்லர் செய்யக்கூடாத ஒரு தவறு எது?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எலும்புக்குள் ஒரு தொழிற்சாலை

ஆட்டுக்கறிக் குழம்பில் நல்லி எலும்பு கிடைத்தால் தட்டி உறிஞ்சுகிறோம் அல்லவா? எலும்புக்குள் இருக்கும் அந்தக் கொழகொழப்பான பொருள்தான் மஜ்ஜை. மனிதனுக்கும் எலும்புக்குள் மஜ்ஜை உண்டு. அதுதான் ரத்தத்தைத் தயாரிக்கும் தொழிற்சாலை.

அங்கே மூன்று சரக்குகள் தயாராகின்றன. உடம்பெங்கும் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் சிவப்பு அணுக்கள். கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள். காயம் பட்டால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள்.

எது எவ்வளவு வேண்டும் என்று உடம்பு கணக்கு வைத்திருக்கிறது. தேவை முடிந்ததும் தயாரிப்பு நின்றுவிடும்.

நிட்டிங் மெஷினைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஓடிக்கொண்டிருக்கும்போது நூல் அறுந்துவிட்டால் மெஷின் தானாக நின்றுவிடும். அப்படி நிறுத்தும் ஏற்பாடு கெட்டுப்போனால் என்ன ஆகும்? மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். குப்பைத் துணி மலைபோல் குவியும்.

இந்த நோயிலும் அதுதான் நடக்கிறது. வெள்ளை அணு தயாரிப்பு நிற்பதே இல்லை. அவை ரத்தத்தில் குவிகின்றன. மண்ணீரலில் தங்கி அதை வீங்கவைக்கின்றன. டாக்டர்கள் இந்த நோயைச் சுருக்கமாக "சி.எம்.எல்." என்கிறார்கள். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் என்பது அதன் முழுப்பெயர்.

இந்த நோய் மெதுவாக வளரும். சிலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. வேறு எதற்காகவோ ரத்தம் சோதிக்கும்போது வெளியே தெரியும். ஆனால் கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் சீறி எழும். அந்தக் கட்டம் வந்துவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம்.

மேல்நாடுகளில் பெரும்பாலும் 60 வயதை ஒட்டியவர்களுக்கு இது வருகிறது. நம் நாட்டிலோ 40 வயதை ஒட்டிய பலருக்கு வருகிறது. உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் வயது அது!

இது ஒட்டுவாரொட்டி அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் தொற்றாது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் சொத்துபோல வருவதும் அல்ல. ஜப்பானில் 1945-ம் ஆண்டு அணுகுண்டு வீச்சில் தப்பியவர்களிடம் இந்த நோய் அதிகமாகக் காணப்பட்டது. ஆகவே அளவுக்கு மீறிய கதிர்வீச்சு ஒரு காரணம் என்று தெரிகிறது. மற்றபடி பெரும்பாலோருக்கு இது ஏன் வந்தது என்று காரணம் சொல்ல முடியாது. யார் செய்த பாவமும் அல்ல.

குழாய்த் தண்ணீரும் சாப்பாட்டு மேஜையும்

இந்த நோயின் குட்டு உடைந்த கதை சுவையானது.

அமெரிக்காவில் பிலடெல்பியா என்று ஒரு நகரம். அங்கே பீட்டர் நோவெல் என்ற டாக்டர் ரத்தப் புற்றுநோய் அணுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் அணுக்கள் ஒட்டிய கண்ணாடித் துண்டைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவினார். தண்ணீர் பட்டதும் அணுக்கள் உப்பின. உள்ளே இருந்த குரோமோசோம்கள் விரிந்து தெளிவாகத் தெரிந்தன.

குரோமோசோம் என்றால் என்ன? நூல்கண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பின் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் 46 நூல்கண்டுகள் இருக்கின்றன. உடம்பு எப்படி இருக்க வேண்டும், எந்த வேலையை எப்போது செய்ய வேண்டும் என்ற உத்தரவுகள் எல்லாம் அந்த நூலில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

நோவெலும் டேவிட் ஹங்கர்போர்டு என்ற இளம் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, சி.எம்.எல். நோயாளிகளின் அணுக்களில் ஒரு நூல்கண்டு மட்டும் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். இது நடந்தது 1960-ம் ஆண்டு. ஊர்ப் பெயரையே வைத்து அதற்குப் "பிலடெல்பியா குரோமோசோம்" என்று பெயரிட்டார்கள்.

சரி, குறைந்துபோன துண்டு எங்கே போயிற்று?

அதைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண்மணி. சிகாகோ நகரத்து டாக்டர் ஜேனட் ரௌலி. நான்கு பிள்ளைகளின் தாய். குரோமோசோம்களின் போட்டோக்களை வீட்டுக்கு எடுத்து வருவார். சாப்பாட்டு மேஜையில் அவற்றைக் கத்தரித்துப் பரப்பிவைத்து, ஜோடி ஜோடியாகச் சேர்த்துப் பார்ப்பார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம்!

அந்தக் காகிதப் பொம்மைதான் உண்மையைச் சொன்னது. 22-ம் நூல்கண்டின் நுனி அறுந்து 9-ம் நூல்கண்டில் ஒட்டியிருந்தது. 9-ன் நுனி 22-ல் ஒட்டியிருந்தது. இடம் மாறிய முடிச்சு! 1973-ம் ஆண்டு இதை அவர் வெளியிட்டார்.

அந்தத் தவறான முடிச்சிலிருந்துதான் உடம்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு புரதம் தயாராகிறது என்று பிறகு வந்தவர்கள் கண்டார்கள். நிறுத்த முடியாத சுவிட்ச் அந்தப் புரதம்தான்.

குறிபார்த்து அடிக்கும் மருந்து

அந்த நாட்களில் இந்த நோய்க்கு என்ன வைத்தியம்?

19-ம் நூற்றாண்டில் பாஷாணம் கலந்த மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு வெள்ளை அணுக்களைக் குறைக்கும் மாத்திரைகள் வந்தன. எண்ணிக்கை குறையும், நோய் போகாது. அதன் பிறகு இண்டர்பெரான் என்ற ஊசி வந்தது. அடிக்கடி போட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சலும் உடம்பு வலியும் உயிரை வாங்கும்.

முழுதாகக் குணமாக்க மஜ்ஜை மாற்று சிகிச்சை ஒன்றுதான் வழி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1986-ம் ஆண்டிலேயே மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அதற்குப் பொருத்தமான மஜ்ஜை வேண்டும், பணம் வேண்டும், ஆபத்தும் உண்டு. எல்லோருக்கும் எட்டாது.

நோய் தெரிந்தபின் பலர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்தான் இருந்தார்கள்.

சுவிட்சையே பிடித்து நிறுத்தினால் என்ன என்று சிலர் யோசித்தார்கள். சுவிட்ஸர்லாந்தில் சிபா-கெய்கி என்ற மருந்து கம்பெனியில் நிக்கலஸ் லைடன் என்ற விஞ்ஞானியின் குழு இதில் இறங்கியது. யூர்க் சிம்மர்மன் என்ற ரசாயன நிபுணர் ஒரு பொருளைச் செய்து கொடுத்தார். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் இருந்த டாக்டர் பிரையன் டிரக்கர் அதைச் சி.எம்.எல். அணுக்களில் போட்டுப் பார்த்தார். கெட்ட அணுக்கள் செத்தன. நல்ல அணுக்கள் பிழைத்தன!

அது எப்படி? அந்தக் கெட்ட புரதத்தில் ஒரு குழி இருக்கிறது. வேலை செய்வதற்கான சக்தி அந்தக் குழி வழியாகத்தான் அதற்குக் கிடைக்கிறது. புதிய மருந்து அந்தக் குழியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பூட்டின் துளையில் வேறொரு சாவி சிக்கிக்கொண்டால் சரியான சாவி நுழைய முடியாது அல்லவா? அதுபோலத்தான். சக்தி கிடைக்காத சுவிட்ச் ஓய்ந்துபோகிறது.

பழைய புற்றுநோய் மருந்துகள், களை எடுக்கிறேன் என்று பயிரையும் சேர்த்து அழிக்கும். இதுவோ களையை மட்டும் குறிபார்த்து அடிக்கும். அதன் பெயர் இமாட்டினிப்.

சிபா-கெய்கி இன்னொரு கம்பெனியுடன் சேர்ந்து நோவார்ட்டிஸ் என்று பெயர் மாறியது. 1998-ம் ஆண்டு ஜூன் மாதம் முதன்முதலாக நோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். மற்ற மருந்து பலிக்காமல் போனவர்களில் 54 பேருக்குப் போதிய அளவில் கொடுத்தபோது, 53 பேருக்கு ரத்தம் சீரடைந்தது!

செய்தி பரவியது. "எங்களுக்கும் மருந்து வேண்டும். அதிகமாகத் தயார் செய்யுங்கள்" என்று ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டு 1999-ம் ஆண்டு கம்பெனிக்கு அனுப்பினார்கள். 2001-ம் ஆண்டு மே 10-ந் தேதி அமெரிக்க அரசு இந்த மருந்தை விற்க அனுமதி கொடுத்தது.

பலன் நிலைத்ததா? நிலைத்தது. இந்த மருந்தில் தொடங்கிய நோயாளிகளைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்து, 2017-ம் ஆண்டு கணக்கு வெளியிட்டார்கள். பத்து ஆண்டு கழித்து நூற்றுக்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள்.

மாதம் ரூ.1 லட்சத்து 20 ஆயிரம்!

மருந்து வந்துவிட்டது. வாங்குவது யார்?

"கிளிவெக்" என்ற பெயரில் நோவார்ட்டிஸ் விற்ற மருந்துக்கு இந்தியாவில் மாதம் சுமார் ரூ.1 லட்சத்து 20 ஆயிரம் ஆயிற்று. இந்தியக் கம்பெனிகள் இதே மருந்தைத் தயாரித்து மாதம் ரூ.8 ஆயிரம் முதல் 10 ஆயிரம் வரை விற்றன.

ஒரே மருந்து. விலையிலே இத்தனை வித்தியாசம்! அந்த வித்தியாசத்தில்தான் வழக்கு பிறந்தது.

ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், குறிப்பிட்ட காலம் வரை வேறு யாரும் அதைச் செய்து விற்கக்கூடாது என்று அரசு உரிமை கொடுக்கும். அதற்குக் காப்புரிமை என்று பெயர். இந்தியாவில் 1970-ம் ஆண்டுச் சட்டப்படி, மருந்தைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே காப்புரிமை உண்டு, மருந்துக்கே கிடையாது. அதனால் இந்தியக் கம்பெனிகள் வேறு முறையில் மருந்து செய்து மலிவாக விற்றன. உலக வர்த்தக ஒப்பந்தத்தின் காரணமாக 2005-ம் ஆண்டு முதல் மருந்துக்கும் காப்புரிமை கொடுக்க வேண்டி வந்தது.

அப்போது பார்லிமெண்டு ஒரு வேலி போட்டது. அதுதான் சட்டத்தின் 3(டி) பிரிவு. ஏற்கனவே தெரிந்த மருந்தைச் சிறிது உருமாற்றி, புதிது என்று காட்டிக் காப்புரிமை வாங்க முடியாது. நோயைத் தீர்க்கும் சக்தி கூடியிருந்தால்தான் கொடுக்கலாம் என்பது அதன் சாரம்.

சென்னையில் தொடங்கிய வழக்கு

நோவார்ட்டிஸ் 1998-ம் ஆண்டே சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் மனுப் போட்டிருந்தது. இமாட்டினிப்பின் ஒரு படிக வடிவத்துக்கு உரிமை கேட்டது. மனு நிலுவையில் இருக்கும்போதே 2003-ம் ஆண்டு அந்தக் கம்பெனிக்குத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. அதைக் கொண்டு 2004-ம் ஆண்டு சில இந்தியக் கம்பெனிகளுக்குக் கோர்ட்டில் தடை வாங்கியது. மலிவு மருந்தை நம்பியிருந்தவர்கள் பதறினார்கள்.

மும்பையில் புற்றுநோயாளிகளுக்கு உதவும் சங்கம் ஒன்று இருக்கிறது. அது காப்புரிமையை எதிர்த்து மனுக் கொடுத்தது. நாட்கோ, சிப்லா, ரான்பாக்சி, ஹெட்டரோ ஆகிய இந்தியக் கம்பெனிகளும் எதிர்த்தன.

2006-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி சென்னை அலுவலகம் நோவார்ட்டிசின் மனுவைத் தள்ளியது.

கம்பெனி சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. 3(டி) பிரிவே செல்லாது என்று வாதாடியது. நீதிபதிகள் ஆர்.பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் இருவரும் 2007-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி அந்த வாதத்தை நிராகரித்தார்கள். 2009-ம் ஆண்டு மேல்முறையீட்டு வாரியமும் காப்புரிமை கொடுக்க மறுத்தது. வழக்கு டெல்லியில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

"இந்தப் படிக வடிவம் உடம்பில் 30 சதவீதம் அதிகமாகச் சேர்கிறது" என்றது கம்பெனி. "ஆராய்ச்சிக்குப் பெரும் பணம் செலவாகிறது. காப்புரிமை இல்லாவிட்டால் புது மருந்து எப்படி வரும்? ஏழை நோயாளிகள் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இலவசமாகவே கொடுக்கிறோம்" என்றும் சொன்னது. இலவசமாகக் கொடுத்தது உண்மைதான். அதனால் உயிர் பிழைத்தவர்கள் நம் நாட்டில் பலர் உண்டு.

"இலவசம் என்பது கொடுப்பவர் மனதைப் பொறுத்தது. மருந்து மலிவாக இருந்தால்தான் எல்லோருக்கும் நிலையாகக் கிடைக்கும்" என்பது எதிர்த்தரப்பின் எண்ணம்.

2013-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி நீதிபதிகள் அப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தீர்ப்புக் கூறினார்கள். உடம்பில் அதிகம் சேர்வதாகச் சொன்னால் மட்டும் போதாது; நோயைத் தீர்க்கும் சக்தி கூடியதாக நிரூபிக்க வேண்டும்; அது நிரூபிக்கப்படவில்லை. ஆகவே காப்புரிமை கிடையாது என்பது தீர்ப்பு.

அதன்பின் இந்தியக் கம்பெனிகள் தடையின்றி மருந்து செய்தன. போட்டியால் விலை மேலும் இறங்கியது. 2015-ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இமாட்டினிப்பை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

மூன்று மாத்திரைதானே!

இனி நம் டெய்லரிடம் திரும்பி வருவோம்.

மாத்திரை சாப்பிடத் தொடங்கிச் சில வாரம் ஆயிற்று. வெள்ளை அணு இறங்கிவிட்டது. வயிற்றுப் பாரம் குறைந்தது. பசி வந்தது. மறுபடி மெஷினில் உட்கார்ந்துவிட்டார். மாதங்கள் ஓடின. நோய் இருப்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது!

"நல்லாத்தானே இருக்கேன்? எதுக்கு அம்மிணி தினமும் மாத்திரை?" என்று ஒருநாள் விடுகிறார். நோம்பிக்கு ஊருக்குப் போனபோது மாத்திரையை எடுத்துப்போக மறந்து ஒருநாள். சம்பளம் வராமல் வாங்கத் தள்ளிப்போட்டு ஒருநாள். மாதத்தில் மூன்று மாத்திரை போயிற்று. மூன்றுதானே என்று நினைக்கிறார்.

2010-ம் ஆண்டு லண்டன் டாக்டர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியைக் கேளுங்கள். பல ஆண்டாக இமாட்டினிப் சாப்பிட்டு வந்த 87 பேரை அவர்கள் கவனித்தார்கள். மாத்திரை பாட்டிலின் மூடியில் சிறு மின்கருவி ஒன்று இருந்தது. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அது குறித்துக்கொள்ளும். இப்படி மூன்று மாதம் கணக்கெடுத்தார்கள்.

மாத்திரைகளில் 90 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில், ஆறு ஆண்டில் நூற்றுக்கு 94 பேருக்கு நோய் நன்றாக அடங்கும் நிலை காணப்பட்டது. அதற்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 28 பேருக்குத்தான்!

90 சதவீதம் என்றால் என்ன? முப்பது நாளில் மூன்று மாத்திரை விடுவது. நம் டெய்லர் விட்டதும் அதே மூன்றுதான்.

காரணம் எளிது. மருந்து சுவிட்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, முடிச்சை அவிழ்க்கவில்லை. கையை எடுத்தால் மெஷின் மறுபடி ஓடும். அரைகுறையாக மருந்து படும்போது, அதற்குப் பிடிகொடுக்காத அணுக்கள் தப்பி வளரவும் வழி உண்டு. இமாட்டினிப் பலிக்காமல் போனால் டாசட்டினிப், நைலோட்டினிப் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. ஆனால் முதல் மருந்தைக் கவனக்குறைவால் இழப்பானேன்?

நோயாளியும் வீட்டாரும் கவனிக்க வேண்டியவை

மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில், தினமும் ஒரே நேரத்தில், சாப்பாட்டுடன், பெரிய டம்ளர் நிறையத் தண்ணீருடன் சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் குமட்டும்.

ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகச் சாப்பிடக் கூடாது.

கண்ணைச் சுற்றி வீக்கம், கால் குரக்களி, குமட்டல், தோலில் தடிப்பு சிலருக்கு வரும். பெரும்பாலும் சமாளிக்கக் கூடியவை. டாக்டரிடம் சொன்னால் வழி செய்வார். தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது.

வேறு மாத்திரையோ நாட்டு மருந்தோ சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. சில மருந்துகள் இமாட்டினிப்பின் சக்தியைக் குறைத்துவிடும், சில கூட்டிவிடும்.

கர்ப்பமான பெண்கள் இதைச் சாப்பிட்டால் குழந்தைக்குக் கெடுதல் வரலாம். குழந்தை பெற விரும்பும் பெண்கள் கர்ப்பம் ஆவதற்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டும்.

டாக்டர் சொல்லும்போது ரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் போக வேண்டும். கொரோனா காலத்தில் பி.சி.ஆர். சோதனை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே வகைச் சோதனையால்தான் இந்த நோய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்கிறார்கள். உடம்பு நன்றாக இருக்கிறது என்பது அளவுகோல் ஆகாது. இந்தச் சோதனைதான் அளவுகோல்.

மருந்தை நிறுத்தவே முடியாதா? சிலரால் முடியும். பிரான்சு நாட்டில் இரண்டு ஆண்டுக்கு மேல் நோயின் சுவடே தெரியாத நூறு பேருக்கு, டாக்டர்கள் கண்காணிப்பில் மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். சுமார் 40 பேருக்கு நோய் திரும்பவில்லை. மற்றவர்களுக்குத் திரும்பியது. அடிக்கடி சோதித்து வந்ததால் உடனே தெரிந்தது. மறுபடி மருந்து கொடுத்து அடக்கினார்கள். இது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு. வீட்டில் உட்கார்ந்து நாம் எடுக்கும் முடிவு அல்ல.

கையில் காசு இல்லாவிட்டால்?

விலை இறங்கினாலும், ஆண்டுக் கணக்கில் வாங்குவது கூலிக் குடும்பத்துக்குப் பாரம்தான். வெட்கப்பட்டுக்கொண்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது. கேட்க வேண்டும்.

குன்னத்தூர்க்காரர்களுக்குப் பெருந்துறையிலும், திருப்பூரிலும், கோவையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. முதல்-அமைச்சரின் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அங்கே உள்ள காப்பீட்டுப் பிரிவில் இந்த நோய்க்கு என்ன உதவி உண்டு என்று விசாரிக்கலாம்.

கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? அப்படியானால் வைத்திய வசதி உங்கள் உரிமை. அதோடு இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. புற்றுநோய் உட்பட 34 நீண்டகால நோய்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இரண்டு ஆண்டு வரை சம்பளத்தில் 80 சதவீதம் உதவித்தொகையாகக் கொடுக்க இ.எஸ்.ஐ.யில் வழி இருக்கிறது. வேலைக்குப் போகமுடியாத காலத்தில் அடுப்பு எரிய அது உதவும். கார்டை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போய்க் கேளுங்கள்.

பனியன் கம்பெனி முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. மூன்று மாதத்துக்கு ஒருதடவை ரத்தம் கொடுக்க ஒருவர் லீவு கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். அந்த அரைநாள் லீவு ஒரு நல்ல டெய்லரைப் பல ஆண்டுகள் உங்கள் மெஷினில் உட்காரவைக்கும்.

காலண்டருக்குப் பக்கத்தில்

நம் டெய்லர் வீட்டில், மூன்று மாத்திரை போன செய்தி மனைவிக்குத் தெரிந்துவிட்டது. அவர் சண்டை போடவில்லை. சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்தார். மாத்திரை அட்டையை ஒரு துணிப்பையில் போட்டு அதில் மாட்டினார்.

மூத்த பெண் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். காலையில் காலண்டர் தாளைக் கிழிப்பது அவள் வேலை. இப்போது அவளுக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள். தாளைக் கிழித்ததும் அதன் பின்புறம் ஒரு கோடு போடுவாள். அப்பா இட்லி சாப்பிட்டு, அவள் கண் முன்னால் மாத்திரையை விழுங்கிய பிறகுதான் அந்தக் கோட்டின்மேல் குறுக்கே இன்னொரு கோடு விழும்.

"அப்பா, இன்னும் பெருக்கல் குறி போடலே" என்கிறாள்.

வெளியே வேன் ஹாரன் அடிக்கிறது. "இருங்கண்ணா, வந்துட்டேன்" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்துவிட்டு, அவர் திரும்பி வந்து தண்ணீர் டம்ளரை எடுக்கிறார்.

அப்படி ஒரு வீடு குன்னத்தூரில் மட்டுமல்ல, இந்த நோய் நுழைந்த எந்த ஊரிலும் இருக்கலாம். இருக்க வேண்டும்.